ஓரம் வரைகிற வேலை

வணக்கம் அண்ணா,

சினிமாத் தொழில்நுட்பம் பற்றி நீங்கள் எழுதுவதைக் கல்லூரி நாட்களிலிருந்து படித்து வருகிறேன். சொந்த ஊர் சிவகாசி. அப்பா காலண்டர் அச்சகத்தில் ப்ளேட் போடும் பிரிவில் இருக்கிறார். மதுரையில் விஸ்காம் முடித்தேன். சின்ன வயதிலிருந்தே வரைவேன். கார்ட்டூனில் ஒரு பூனை திரும்பிப் பார்த்தால்கூட நிறுத்தி நிறுத்திப் பார்க்கிற ஆள் நான். கேரக்டர் அனிமேட்டர் ஆகவேண்டும் என்றுதான் சென்னைக்கு வந்து அனிமேஷன், விஎஃப்எக்ஸ் டிப்ளமோவில் சேர்ந்தேன். கட்டணத்தில் பாதி கடன்.

ஓராண்டில் ஃபோட்டோஷாப், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், மாயா, நியூக், கடைசி மூன்று வாரம் ஹூடினி என்று எல்லா மென்பொருளையும் தொட்டார்கள். எதிலும் தனியாக ஒரு ஷாட் முடிக்கும் தைரியம் வரவில்லை. வேலை உறுதி என்றார்கள், கிடைத்தது ரோட்டோ, அதாவது ஆளைப் பின்னணியிலிருந்து பிரிக்க ஃப்ரேம் ஃப்ரேமாக ஓரம் வரைகிற வேலை. இரவு ஷிஃப்ட். யாரோ வெளிநாட்டு நடிகர் ஓடுகிறார், நான் அவர் காதையும் முடியையும் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். அது என்ன படம் என்றுகூடச் சொல்லமாட்டார்கள். இந்த வேலையே இன்னும் கொஞ்ச நாள்தான், ஏஐ வந்து சாப்பிட்டுவிடும் என்கிறார்கள் சீனியர்கள். வீட்டில் வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார்கள்.

படித்தது வீண்தானா? வேறு நல்ல இடத்தில் இன்னொரு கோர்ஸ் சேரட்டுமா? இல்லை, இந்த வேலையிலேயே இருந்தால் ஒருநாள் அனிமேஷனுக்கு மாற்றுவார்களா?

சு.

*

அன்புள்ள சு.,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதற்குத்தான் தெளிவான பதில் இருக்கிறது. மாற்றமாட்டார்கள். ஸ்டூடியோவுக்குள் ரோட்டோவிலிருந்து பெய்ன்டுக்கு (ஷாட்டில் வேண்டாததை அழிக்கிற பிரிவு) போகலாம், அங்கிருந்து கம்ப்புக்கு (தனித்தனிப் படங்களை ஒரே ஷாட்டாகச் சேர்க்கிற பிரிவு) போகலாம். அது பழகிய பாதை, நானும் அப்படித்தான் கம்ப்புக்கு வந்தேன். அனிமேஷன் அந்தப் பாதையில் இல்லை. எவ்வளவு நேர்த்தியாக ரோட்டோ செய்தாலும் ‘இந்தப் பெண்ணுக்கு ஒரு கேரக்டர் கொடுத்துப் பார்ப்போம்’ என்று எந்த லீடுக்கும் தோன்றாது. நல்ல ரோட்டோ ஆளை விடவும் மனசு வராது. அனிமேஷன் துறைக்குள் நீங்கள் வெளியாள் மாதிரிதான் நுழையவேண்டும், கையில் ஷோரீலோடு (நீங்கள் செய்த சிறந்த ஷாட்டுகளைக் கோத்த சிறு வீடியோ).

அதற்காக இப்போதைய வேலையை வெறுக்கவேண்டியதில்லை. நீங்கள் கோடு போடும் அந்த ரோட்டோவைக் கண்டுபிடித்தவரே ஒரு அனிமேட்டர்தான். மேக்ஸ் ஃப்ளைஷர் ‘ரோட்டோஸ்கோப்’ என்ற இந்த முறைக்கு 1915-இல் அமெரிக்காவில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1917-இல் கிடைத்தது. தம்பி டேவுக்குக் கோமாளி உடை மாட்டி ஆடவைத்துப் படம்பிடித்தார். அந்தப் படச்சுருளை ஒவ்வொரு ஃப்ரேமாகக் கண்ணாடிமேல் விழவைத்து, தாளில் நகலெடுத்தார். கோகோ என்ற கோமாளி பிறந்தது அப்படித்தான். அதுவரை பெரும்பாலான கார்ட்டூன்களில் உருவங்கள் வெட்டி வெட்டித்தான் நகரும், கோகோ ஆள் மாதிரியே நகர்ந்தான். உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்கும் விஎஃப்எக்ஸ் வேலைக்கு இந்த முறை பெயர் கொடுத்தது அதற்குப் பிறகு.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1937-இல் வெளிவந்த ஸ்நோ ஒயிட்டுக்காக டிஸ்னி ஸ்டூடியோவில் மார்ஜ் என்ற இளம் நடனக்காரியை ஆடவைத்துப் படம்பிடித்துப் பார்த்துக்கொண்டார்கள். அப்படியே நகலெடுத்தால் அசைவு விறைத்துப்போகிறது என்பதை அந்த அனிமேட்டர்கள் கண்டுகொண்டார்கள். எதைக் கூட்டுவது, எதை விடுவது என்று அவர்கள் முடிவுசெய்யவேண்டியிருந்தது. அந்த முடிவுதான் அனிமேஷன். நிஜ உடம்பு எப்படி அசைகிறது என்பது நுணுக்கமாகத் தெரிந்தவருக்கு மட்டுமே அது சாத்தியம். நீங்கள் அதைத்தான் ராத்திரி முழுக்கச் சம்பளத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், பார்க்கிறோம் என்று தெரியாமல்.

எனவே கொஞ்சம் மாற்றிச் செய்து பாருங்கள். ஓடுகிற ஆளை ஒரே கோட்டுக்குள் அடைக்காமல் தலை, மேல்கை, முன்கை, தொடை, கெண்டைக்கால் என்று மூட்டுக்கு மூட்டு தனி ஷேப்பாகப் பிரிக்கத்தான் உங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கீ (ஷேப்பை நாமே கையால் பொருத்தும் ஃப்ரேம்) வைக்கும்போது ஃப்ரேம் பத்து, இருபது, முப்பது என்று கணக்குப்படி வைக்காதீர்கள். கை எந்த ஃப்ரேமில் திசை மாறுகிறது, குதிகால் எந்த ஃப்ரேமில் தரையைத் தொடுகிறது, இடுப்பு எப்போது மிகக் கீழே இறங்குகிறது என்று தேடி அங்கே வையுங்கள். கீ எண்ணிக்கை குறையும், ஓரம் நடுங்காது, க்யூசியில் (தரச் சோதனை) திரும்பி வருவதும் குறையும். கால் ஊன்றுவது, உடம்பு இறங்குவது, ஒரு கால் இன்னொன்றைக் கடப்பது, உடம்பு எழும்புவது: நடைக்கு அனிமேஷன் வகுப்பில் சொல்லித்தரும் நான்கு நிலைகளும் இவைதான். உங்கள் வகுப்பில் ஒரே நாளில் போர்டில் வரைந்து காட்டிவிட்டு அடுத்த மென்பொருளுக்குப் போயிருப்பார்கள்.

முடி, துப்பட்டா, புடவை முந்தானை வருகிற ஷாட்டெல்லாம் எல்லோரும் தட்டிக்கழிப்பது. நீங்கள் கேட்டு வாங்குங்கள். உடம்பு நின்றபிறகும் துணி எத்தனை ஃப்ரேம் தாமதித்து நிற்கிறது என்று அதில் பார்க்கலாம். வேலை முடிந்ததும் ஒரு நோட்டில் குச்சி உருவமாக இரண்டு நிமிடம் வரைந்து வையுங்கள். ஷாட்டைக் கைபேசியில் படம்பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், வேலை போய்விடும். நோட்டில் இருப்பது உங்களுடையது.

இரண்டாவது கோர்ஸ் வேண்டவே வேண்டாம். ஓராண்டில் ஐந்து மென்பொருள் தொடுகிற படிப்பு எந்தக் கருவி எதற்கு என்று காட்டும், அவ்வளவுதான். அந்த அளவுக்கு அது வீணில்லை. ஆனால் இன்னொரு இடத்தில் பணம் கட்டினாலும் அதே சுற்றைத்தான் மறுபடி சுற்றுவீர்கள். (பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகும் தம்பி தங்கை யாராவது இதைப் படித்தால்: தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்திலேயே அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் பட்டப்படிப்பு இருக்கிறது. விளம்பரப் பலகை பார்த்துக் கடன் வாங்கும் முன் அங்கே ஒரு எட்டு போய் விசாரியுங்கள்.)

உங்களுக்குத் தேவை பிளெண்டரும் ஒரு பந்தும். பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருள் இலவசம் என்பது தெரியும்தானே? அதை உருவாக்கிய நிறுவனம் மூடப்பட்டபோது, 2002-இல் பயன்படுத்துகிறவர்கள் ஏழு வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதைப் பொதுச்சொத்தாக மீட்டெடுத்தார்கள். லாட்வியாவிலிருந்து வந்து 2025-இல் ஆஸ்கர் வாங்கிய ஃப்ளோ என்ற பூனைப்படம் அதில் செய்ததுதான். உடனே ‘அப்போ நானும் தனியாகப் படம் எடுக்கிறேன்’ என்று கிளம்பிவிடாதீர்கள், அந்த இயக்குநர் அதற்கு முன் பல வருடம் தன்னந்தனியாகப் படங்கள் செய்து பழகியவர். மாடலிங் பக்கமும் போகாதீர்கள், உங்கள் ஆறு மாதத்தை அது தின்றுவிடும். பிளெண்டர் ஸ்டூடியோவே ரெயின், ஸ்னோ என்று எலும்பு பூட்டி, அசைக்கத் தயாராக இருக்கும் உருவங்களை இலவசமாகத் தருகிறது. ஆனால் அவையும் பந்துக்கு அப்புறம்தான்.

பந்து விழுவது எல்லோரும் செய்கிற பயிற்சி, பெரும்பாலோர் சரியாகச் செய்யாத பயிற்சியும் அதுதான். சுமார் 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விட்ட பந்து தரைக்கு வர அரை வினாடி ஆகும். வினாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 12 ஃப்ரேம். முதல் 6 ஃப்ரேமில் பந்து 30 செ.மீ.தான் இறங்கியிருக்கும். மீதி 90 செ.மீ.யைக் கடைசி 6 ஃப்ரேமில் கடக்கும். ஒவ்வொரு ஃப்ரேமிலும் பந்து இருக்கும் இடத்தைக் குறித்தால் உச்சியில் நெருக்கமாக, தரைக்குப் பக்கத்தில் தள்ளித்தள்ளி. இந்த இடைவெளி ஒன்றை வைத்தே பார்க்கிறவர் கண்ணுக்கு எடை தெரிந்துவிடும். கிரிக்கெட் பந்து, பலூன், தண்ணீர் நிறைந்த பை மூன்றையும் ஒரே வட்டத்தை வைத்து வேறுவேறாகத் தெரியவைக்க முடிகிறதா என்று பாருங்கள். மூன்றும் வந்துவிட்டால் வால் வைத்த பந்து, அப்புறம் வெறும் கால்கள் நடப்பது, அப்புறம் குடம் தூக்குவது. கடைசியானதற்கு உங்களையே கைபேசியில் எடுத்து ஃப்ரேம் ஃப்ரேமாகப் பாருங்கள். கை குடத்தைத் தொடும் முன்பே இடுப்பு தயாராகிவிடுவது தெரியும்.

ஷோரீல் ஒரு நிமிடம் போதும், முப்பது வினாடியானாலும் சரி. சிறந்த ஷாட் முதலில் வரட்டும். பார்க்கிறவர் பத்து வினாடியில் முடிவெடுத்துவிடுவார். அதை அவர் ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கவும் வாய்ப்பு அதிகம். வகுப்பில் குழுவாகச் செய்த ப்ராஜெக்டைப் போடாதீர்கள். அதே ஷாட் உங்கள் பேட்சில் பதினைந்து பேர் ரீலில் இருக்கும்.

ஏஐ பற்றி உங்கள் சீனியர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 2010-இல் ரோட்டோ பிரஷ் வந்தபோதும் இதையே சொன்னார்கள், அப்போது ஒன்றும் ஆகவில்லை. இப்போதைய கருவிகள் வேறு. தெளிவான பின்னணியில் நிற்கிற ஆளை நொடியில் பிரித்துக் கொடுத்துவிடுகின்றன. வேகத்தில் மங்கிய கை, காற்றில் பறக்கும் முடி, புகைக்குள் நடக்கிற ஆள் இங்கெல்லாம்தான் இன்னும் மனிதக் கை தேவைப்படுகிறது. அந்த மிச்சமும் சுருங்கும். ரோட்டோவில் பத்து வருடம் இருக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்களுக்கு ஒன்றரை வருடம், அதிகபட்சம் இரண்டு. கடினமான ஷாட்டிலும் புதிதாக ஒன்றும் தெரியவில்லை என்று ஆனால் அதற்கு முன்பே கிளம்பலாம்.

அனிமேஷனுக்குப் போய்விட்டால் பாதுகாப்பு என்றும் நினைக்கவேண்டாம். புதுச்சேரியில் தொடங்கும் கதையான லைஃப் ஆஃப் பையில் அந்தப் புலியைச் செய்தது ரிதம் அண்ட் ஹ்யூஸ். 2013 பிப்ரவரியில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது, இரண்டு வாரம் கழித்து அதே புலிக்காக அதன் கலைஞர்கள் ஆஸ்கர் வாங்கினார்கள். நிறுவனத்தின் நிலைமையைச் சொல்ல ஆரம்பித்த சூப்பர்வைசரின் பேச்சை மேடையில் இசை போட்டு நிறுத்தினார்கள். 2025 பிப்ரவரியில் விஎஃப்எக்ஸ் நிறுவனங்களை நடத்திய டெக்னிகலர் குழுமம் சரிந்தது, பெங்களூரிலும் ஏராளமானோர் வேலை இழந்தார்கள். வேலையில் குறை இருந்து சரிந்தவை அல்ல இவை. ஷாட்டுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிய தொகைக்கு, க்ளையன்ட் எத்தனை முறை மாற்றச் சொன்னாலும் மாற்றிக் கொடுக்கவேண்டும். லாபம் மயிரிழை. ஒரு படம் தள்ளிப்போனால் அந்த மாதச் சம்பளம் ஆட்டம் காணும். ஆகவே முதலில் கடனை அடையுங்கள், ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேருங்கள். அசல் சான்றிதழை எந்த நிறுவனத்திலும் ஒப்படைக்காதீர்கள், பாண்ட் (இத்தனை காலம் விலகமாட்டேன் என்ற ஒப்பந்தம்) என்று தாளை நீட்டினால் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வங்கித் தேர்வு எழுதுவதில் ஒரு கேவலமும் இல்லை. ஆனால் பகலில் தூங்கி, இரவில் கோடு போட்டு, நடுவில் பந்தும் செய்கிற ஆளுக்கு அதற்கும் சேர்த்து நேரம் இருக்காது. இந்த வருடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எதை என்று நான் சொல்லமாட்டேன்.

அப்பாவுக்கு உங்கள் வேலை என்னவென்று புரியவில்லை என்றால் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: கணினி வரும் முன் அச்சகங்களில் முருகன் படத்தின் பின்னணியை நீக்க மயில்தோகையின் ஓரத்தைப் பிடித்து மாஸ்க் வெட்டுவார்களே, அதை ஒரு வினாடிப் படத்துக்கு 24 தடவை செய்கிறேன் என்று. ப்ளேட் போடுகிறவருக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று உடனே தெரியும்.

தினமும் ஒரு மணி நேரம் என்று வைத்தால் மூன்று பந்தும் ஒரு மாதத்தில் முடியும். முடிந்ததும் லிங்க் அனுப்புங்கள். நிழல், டெக்ஸ்சர் எதுவும் வேண்டாம், வெறும் சாம்பல் வட்டம் போதும். பெயரும் எழுதாதீர்கள். எது பலூன், எது கிரிக்கெட் பந்து என்று நான் கண்டுபிடிக்கிறேன்.

அன்புடன்.