காளான்: முதல்ல பேரு, அப்புறம்தான் வாய்

போன இதழ்ல "மழை விட்டதும் காளான் பாக்கப் போவேன்"னு ஒரே ஒரு வரி எழுதினேன், அவ்வளவுதான். பாக்கறதைப் பத்தி ஒருத்தரும் கேக்கல, எல்லாருக்கும் திங்கறதைப் பத்திதான் சந்தேகம். வந்ததுல அஞ்சு கேள்வியை எடுத்திருக்கேன்.

கேள்வி: விஷக் காளானோட வெள்ளிக் கரண்டியைப் போட்டுக் கொதிக்க வெச்சா கரண்டி கறுத்துடும்னு எங்க பாட்டி சொல்வாங்க. பூச்சி அரிச்சிருந்தா நல்ல காளான், பளிச்சுனு கலரா இருந்தா கெட்டதுன்னும் சொல்வாங்க. இதுல எதை நம்பறது?

பதில்: பாட்டியைக் கும்பிடுங்க, இந்த மூணையும் விட்டுடுங்க. வெள்ளி கறுக்கறது கந்தகத்தால, முட்டையில வெச்சாலும்தான் கறுக்கும், விஷத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பூச்சிக்கும் நத்தைக்கும் உடம்பு வேற, நம்ம உடம்பு வேற, நம்மளைக் கொல்ற காளானை நத்தை ஜம்முனு தின்னுட்டுப் போகும். கலர் விஷயம்தான் இருக்கறதுலயே மோசம். உலகத்துல காளான் சாப்பிட்டு சாகறவங்கள்ல பெரும்பாலானவங்களைக் கொல்றது டெத் கேப்னு சொல்ற அமானிட்டா ஃபல்லாய்டிஸ், அது மங்கலான பச்சையும் மஞ்சளுமா சாதுவாத்தான் நிக்கும். அதோட சொந்தக்காரக் காளான் ஒண்ணு சுத்த வெள்ளை, வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்பறவங்களுக்குன்னே முளைச்ச மாதிரி இருக்கும். நல்லாக் கொதிக்க வெச்சாலோ காய வெச்சாலோ அந்த விஷம் போகாது. கசக்குமான்னா அதுவும் இல்ல, சாப்பிட்டுப் பிழைச்சவங்களே டேஸ்ட் நல்லா இருந்துச்சுன்னு சொல்லியிருக்காங்க.

"விஷக் காளான் எல்லாத்துக்கும் பொதுவா ஒரு அடையாளம்"னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஒவ்வொரு காளானும் தனி ஆளு, பேரு தெரிஞ்சாத்தான் குணம் தெரியும்.

கேள்வி: சரி, முறையாக் கத்துக்கணும்னா எங்கேருந்து ஆரம்பிக்கறது? என்னென்ன பாக்கணும்?

பதில்: முதல் வருஷம் திங்காதீங்க, அதுதான் ஆரம்பம். சும்மா பாருங்க, வரைங்க, போட்டோ எடுங்க. நிறைய பேரு மேல இருந்து குடையை மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணிடறாங்க, ஆனா சங்கதி எல்லாம் கீழதான் இருக்கு. குடைக்கு அடியில மீன் செவுள் மாதிரி தகடு தகடா இருக்கா, இல்ல பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கா, தகடு தண்டை ஒட்டுதா ஒட்டாம நிக்குதா, தண்டுல மோதிரம் மாதிரி வளையம் இருக்கா, இதெல்லாம் பாருங்க. தண்டை மேலோட பிச்சுடாதீங்க, மண்ணுக்குள்ள கத்தியை விட்டு அடியோட தோண்டி எடுங்க, ஏன்னா டெத் கேப்புக்கு அடியில கிழிஞ்ச முட்டைத்தோல் மாதிரி ஒரு பை இருக்கும், மேலோட பிச்சா முக்கியமான அந்த அடையாளம் மண்ணுலயே தங்கிடும். எங்க முளைச்சுது, புல்லுலயா, செத்த மரத்துலயா, பக்கத்துல என்ன மரம்னும் குறிச்சுக்கோங்க. பிளாஸ்டிக் பையில போட்டா வேர்த்து அழுகிடும், பேப்பர்ல சுத்துங்க, ஒண்ணோட ஒண்ணு கலக்காதீங்க.

அப்புறம் ஸ்போர் தூள், அதாவது காளானுக்கு விதை மாதிரி இருக்கற தூள். இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. தண்டை வெட்டிட்டு குடையை மட்டும் பேப்பர் மேல குப்புற வெச்சு, ஒரு டம்ளரைக் கவுத்து மூடி ராத்திரி பூரா விட்டுட்டா காலையில பேப்பர்ல தூள் கோலம் போட்ட மாதிரி விழுந்திருக்கும், அதோட நிறம்தான் அடையாளம். பாதி வெள்ளை பாதி கறுப்பா இருக்கற பேப்பர் வேணும். நான் முதல் தடவை வெறும் வெள்ளைப் பேப்பர்ல வெச்சுட்டு "ஒண்ணுமே விழல"ன்னு தூக்கிப் போட்டவன், வெள்ளைத் தூள் வெள்ளைப் பேப்பர்ல எப்படித் தெரியும்!

இந்தத் தூள் எவ்வளவு முக்கியம்னா, வைக்கோல் காளானுக்கும் அடியில பை உண்டு, டெத் கேப்புக்கும் உண்டு, மொட்டா இருக்கறப்ப ரெண்டும் முட்டை மாதிரிதான் இருக்கும். வைக்கோல் காளான் தூள் ரோஸ் நிறம், டெத் கேப் தூள் வெள்ளை. ஆசியாவுல வைக்கோல் காளான் சாப்பிட்டுப் பழகினவங்க அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போயி, நம்ம காளான்தானேன்னு டெத் கேப்பைப் பறிச்சு சாப்பிட்டு செத்திருக்காங்க. ஒரு ஊருல கத்துக்கிட்ட கண்ணு இன்னொரு ஊருல ஏமாந்துடும்.

என் கதை ஒண்ணு. புல்தரையில பெரிய வெள்ளைக் குடையா ஒரு காளான், தகடும் வெள்ளை, மோதிரமும் இருக்கு, திங்கற வகைதான்னு மனசுல முடிவே பண்ணிட்டேன். சும்மா இருக்கட்டும்னு தூள் எடுத்துப் பாத்தா காலையில பச்சையா விழுந்திருக்கு. குளோரோஃபில்லம் மாலிப்டைடிஸ், உயிரை எடுக்கறது அபூர்வம், ஆனா வாந்தியும் பேதியுமா ஆளைப் பொரட்டிப் போட்டுடும். அன்னிக்கு அந்த டம்ளருக்குத்தான் நன்றி சொன்னேன்.

கேள்வி: போன்ல ஆப் இருக்கே, போட்டோ எடுத்தா பேரு சொல்லுதே?

பதில்: சொல்லுது, சரியாச் சொல்லுதாங்கறதுதான் பிரச்சனை. ஆஸ்திரேலியாவுல மூணு ஆப்பை வெச்சு சோதிச்ச ஆய்வு 2023ல வெளியாச்சு, இருக்கறதுலயே நல்ல ஆப் பாதிக்குப் பாதிதான் சரியாச் சொல்லிச்சு. மண்ணுக்குள்ள இருக்கற பையை கேமரா பாக்காது, தூள் நிறம் அதுக்குத் தெரியாது, மோந்தும் பாக்காது. எந்தக் குடும்பமா இருக்கும்னு ஒரு துப்பு கிடைக்கும், அதுக்கு வெச்சுக்கோங்க. பக்கத்துல காளான் தெரிஞ்ச ஆளு யாராவது இருந்தா அவங்களோட ரெண்டு மழைக்காலம் நடங்க, நூறு ஆப்புக்கு சமம்.

கேள்வி: எங்க வீட்டுல ஒரு காளானைப் பல வருஷமா சாப்பிடறோம், ஒண்ணும் ஆகல. அப்ப அது சேஃப்தானே?

பதில்: பேரு தெரியுமா? தெரியலன்னா சேஃப்னு சொல்ல மாட்டேன். பாக்ஸில்லஸ் இன்வலூட்டஸ்னு ஒரு காளான், ஐரோப்பாவுல ரொம்ப காலம் சமைச்சு சாப்பிட்டுட்டு இருந்ததுதான். பல தடவை ஒண்ணும் பண்ணாம விட்டுட்டு, திடீர்னு ஒரு நாள் நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியையே நம்ம ரத்த செல்லுக்கு எதிராத் திருப்பி விட்டுடும். 1944ல அதைச் சாப்பிட்டு செத்தது யாருன்னா ஜூலியஸ் ஷேஃபர், ஜெர்மனிக்காரர், காளானையே ஆராய்ச்சி பண்ணினவர். ஜப்பான்ல 2004ல இன்னொண்ணு, ஏஞ்சல் விங்னு சொல்ற வெள்ளைக் காளான், காலங்காலமா சாப்பிட்டதுதான், அந்த ஒரு வருஷத்துல 17 பேரு போயிட்டாங்க, நிறைய பேருக்கு ஏற்கனவே கிட்னி கோளாறு இருந்துச்சு. அதனால பேரு தெரிஞ்ச நல்ல காளானா இருந்தாலும் முதல் தடவை கொஞ்சமா, நல்லா வேக வெச்சு சாப்பிடுங்க, ஏதாவது ஆச்சுன்னா டாக்டருக்குக் காட்ட ஒண்ணு ரெண்டை சமைக்காம எடுத்து வைங்க. தொட்டாலே விஷம் ஏறுமான்னும் இதே கடிதத்துல கேட்டிருந்தாங்க, டெத் கேப்பைக்கூட கையில எடுத்துப் பாக்கலாம், பயப்பட வேண்டாம், கையைக் கழுவிடுங்க.

கேள்வி: தெரியாம சாப்பிட்டுட்டோம், வாந்தி எடுத்துச்சு, மறுநாள் சரியாயிடுச்சுன்னா விட்டுடலாமா?

பதில்: விடவே கூடாது! சாப்பிட்டு ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல வாந்தி வந்தா பெரும்பாலும் வயித்தோட போற விஷம்தான், ஆனா ஆறு மணி நேரம் கழிச்சு ஆரம்பிச்சா அதுதான் பயம். டெத் கேப் அப்படித்தான், 6லேருந்து 24 மணி நேரத்துக்குள்ள வாந்தி பேதி, அப்புறம் ஒரு நாள் "அப்பாடா"ன்னு எழுந்து உக்காருவோம், அந்த நேரத்துல உள்ள கல்லீரல் செத்துட்டு இருக்கும். கார்டினேரியஸ்னு ஒரு காளான் இனம், அதுல சில வகை இன்னும் மோசம், ரெண்டு நாள்லேருந்து ரெண்டு மூணு வாரம் கழிச்சுக்கூட கிட்னியைப் புடிக்கும். 2008ல ஸ்காட்லாந்துல ஒரு பிரபல நாவலாசிரியர் நல்ல காளான்னு நினைச்சு அதைப் பறிச்சு நாலு பேரு சாப்பிட்டாங்க, கடைசியில மகள் கொடுத்த கிட்னியிலதான் அவரு வாழ வேண்டியதாச்சு.

ரெண்டு வகையைக் கலந்து சாப்பிட்டிருந்தா சீக்கிரம் வர்ற வாந்தி பின்னாடி வர்றதை மறைச்சுடும், அதனால நேரத்தை மட்டும் நம்பி வீட்டுல உக்காராதீங்க. நீங்களா வாந்தி எடுக்க வைக்காதீங்க, கை வைத்தியம் வேண்டாம், நேரா ஆஸ்பத்திரிதான். எத்தனை மணிக்கு சாப்பிட்டோம்னு எழுதிக்கோங்க. மிச்சக் காளான், சமைச்சதோ வெட்டிப் போட்ட அடித்தண்டோ, குப்பையைக் கிளறியாவது பொறுக்கி பேப்பர்ல சுத்தி எடுத்துட்டுப் போங்க. கூட சாப்பிட்ட எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க, "எனக்கு ஒண்ணும் இல்லப்பா"ன்னு சொல்லிட்டு டிவி பாத்துட்டு இருக்கறவரையும் சேத்துத்தான்.