வெறும் அசிஸ்டன்ட்

அன்புள்ள சார்,

நான் இருபது வருடமாக வட கரோலினாவில் கேரி நகரில் இருக்கிறேன். மென்பொருள் வேலை. என் மகன் புள்ளியியல் படித்து முடித்துவிட்டான். கல்லூரியில் நான்கு வருடமும் கூடைப்பந்து அணிக்கு ஸ்டூடண்ட் மேனேஜராக இருந்தான். துண்டு மடிப்பது, தண்ணீர் கொடுப்பது, பந்து பொறுக்கிப் போடுவது, இதுதான் வேலை. இப்போது வேறொரு பல்கலைக்கழகத்தில் கிராஜுவேட் அசிஸ்டன்ட்டாகச் சேரப் போகிறானாம். படிப்புச் செலவை அவர்களே ஏற்றுக்கொள்வார்கள், கைச்செலவுக்குக் கொஞ்சம் தருவார்கள். அப்புறம் அசிஸ்டன்ட் கோச் ஆவானாம். இதற்காக வந்த டேட்டா அனலிஸ்ட் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். வெறும் அசிஸ்டன்ட்டாக எத்தனை வருடம் இருக்க வேண்டியிருக்கும்? எப்போது ஹெட் கோச் ஆவான்? நம் பிள்ளைகளை அங்கே மேலே வர விடுவார்களா? நீங்கள் விளையாட்டு பற்றி எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்,

கடைசிக் கேள்வியை விட்டுவிடுகிறேன். அந்த ஊரிலேயே வளர்ந்த பையன், அவன் பார்த்துக்கொள்வான். இரண்டாவது கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. முதல் கேள்வியைப் படித்தபோதுதான் கோபம் வந்தது. ‘வெறும் அசிஸ்டன்ட்’ என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவும் கேரியில் உட்கார்ந்துகொண்டு. உங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் சேப்பல் ஹில். அங்கே ஒரு மனிதர் வெறும் அசிஸ்டன்ட்டாக 30 வருடம் வேலை பார்த்திருக்கிறார். கொஞ்ச நாளாக அவரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். சரியாக அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்து மாட்டிக்கொண்டது.

பில் கத்ரிட்ஜ். கான்சஸ் மாநிலத்துக்காரர். கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டெக்ஸ் வின்டர் என்ற கோச்சிடம் ஆடினார், பிறகு அவருக்கே உதவியாளராக இருந்தார். 1967இல் சேப்பல் ஹில்லில் இருக்கும் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கு வந்து, அங்கே ஹெட் கோச்சாக இருந்த டீன் ஸ்மித்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். டீன் ஸ்மித்தும் அதே அணியில் அசிஸ்டன்ட்டாக இருந்தவர்தான். மூன்றே வருடம். 1961இல், 30 வயதில், ஹெட் கோச் ஆகிவிட்டார். நீங்கள் மனதில் வைத்திருக்கும் கணக்கு இதுதான் என்று நினைக்கிறேன். கத்ரிட்ஜுக்கு அந்தப் பதவி வந்தபோது வயது 60.

இடையில் வாய்ப்பே வரவில்லை என்று நினைக்காதீர்கள். 1978இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் அவரை ஹெட் கோச்சாகக் கூப்பிட்டது. சரி என்றும் சொல்லிவிட்டார். பிறகு மனம் மாறி, பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டார். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் இப்படிச் செய்திருந்தால் பிழைக்கத் தெரியாதவன் என்று காபி மேசையில் பேசியிருப்பீர்கள். அவர் திரும்பி வந்து பார்த்த வேலை என்ன? ஷூட்டிங் சொல்லிக் கொடுப்பது, உயரமான ஆட்டக்காரர்களைத் தயார் செய்வது, வெளியூர்ப் பயணத்தை ஒழுங்கு செய்வது. 1982 தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், சேப்பல் ஹில் மாணவராக இருந்த மைக்கேல் ஜோர்டன் போட்ட அந்தக் கடைசிக் கூடையை உலகமே பார்த்தது. அப்போது பெஞ்சில் இருந்தவர்களில் கத்ரிட்ஜும் ஒருவர். பக்கத்தில் இன்னொரு அசிஸ்டன்ட், ராய் வில்லியம்ஸ்.

வில்லியம்ஸ் கதையை உங்கள் மகன் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னானா, நீங்கள்தான் காதில் வாங்கவில்லையா? உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தலைமைப் பயிற்சியாளராக நிலையான வேலையில் இருந்தவர். அதை விட்டுவிட்டு 1978இல் சேப்பல் ஹில்லுக்கு வந்தார். பகுதிநேர அசிஸ்டன்ட் வேலை, ஆண்டுச் சம்பளம் 2,700 டாலர். வீட்டில் மனைவி, குழந்தை. கட்டுப்படியாகவில்லை. கோடையில் அணியின் நாள்காட்டிகளைக் கடை கடையாக ஏறி விற்றார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் டீன் ஸ்மித்தின் டிவி நிகழ்ச்சி டேப்பைக் காரில் போட்டுக்கொண்டு கிரீன்ஸ்பரோவுக்கும் ஆஷ்விலுக்கும் ஓடினார். போகவர சுமார் 500 மைல். நீங்கள் அக்டோபரில் இலை நிறம் மாறுவதைப் பார்க்கக் குடும்பத்தோடு போவீர்களே, அந்த ஆஷ்வில்தான். பத்து வருடம் கழித்து கான்சஸ் பல்கலைக்கழகம் அவரை ஹெட் கோச்சாக எடுத்தது. 2003இல் சேப்பல் ஹில்லுக்கே திரும்பி வந்து 2005, 2009, 2017 என்று மூன்று தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். உங்களுக்கு இந்தக் கதை பிடிக்கும், முடிவு நன்றாக இருக்கிறதே. எனக்கு கத்ரிட்ஜ் கதைதான் பிடிக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். அமெரிக்கா வந்திருந்தபோது நண்பர் ஒருவர் ஒரு சின்னக் கல்லூரியின் ஆட்டத்துக்கு அழைத்துப்போனார். கூட்டமே இல்லை, பெஞ்சுக்கு நேர் பின்னால் இடம் கிடைத்தது. முதல் ஐந்து நிமிடத்துக்கு மேல் நான் பந்தைப் பார்க்கவில்லை, ஓர் அசிஸ்டன்ட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தொடையில் ஒரு தாள், நுணுக்கி எழுதியது. எதிரணியில் ஆட்டத்தை நடத்துகிற பையன் பந்தைத் தட்டிக்கொண்டு பாதி மைதானம் தாண்டி, விரலை உயர்த்தி ஏதோ சைகை காட்டுவான். அந்த விரல் மேலே போவதற்குள் இவர் எழுந்து, அடுத்து வரப்போகும் ஆட்ட உத்தியின் பெயரைக் கத்திவிடுவார். தன் பையன்கள் சட்டென்று இடம் மாறுவார்கள். நடுவர் விசிலடித்ததும் ஹெட் கோச் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பாயப்போனார். இவருடைய இடது கை தானாகப் போய் அவர் போட்டிருந்த கோட்டின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தது, கண் மட்டும் மைதானத்திலேயே இருந்தது. டைம்-அவுட்டில் ஹெட் கோச் பையன்களிடம் போகவில்லை. முதலில் இவரிடம் வந்தார். பத்து விநாடி. இவர் இரண்டு வாக்கியம் சொன்னார். அப்புறம் ஹெட் கோச் ஸ்டூலில் உட்கார்ந்து அதே இரண்டு வாக்கியத்தைத் தன் குரலில் பையன்களுக்குச் சொன்னார்.

எதிரணிகளை அசிஸ்டன்ட்டுகள் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இந்த அணி உனக்கு, அடுத்தது எனக்கு. அதற்கு ஸ்கவுட் என்று பெயர். யாருக்கு ஸ்கவுட்டோ அவர் அந்த அணியின் பழைய ஆட்டங்களை எல்லாம் ஓட்டிப் பார்த்து, வெட்டி, ஒட்டி, பையன்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். இது போக ரெக்ரூட்டிங். ஜூலை மாதம் ஊர் ஊராக ஜிம்மில் உட்கார்ந்து பள்ளிப் பையன்களைப் பார்ப்பது, அவர்கள் அம்மாக்களோடு போனில் பேசுவது. ஹெட் கோச்சுக்கு நன்கொடையாளர் விருந்து, பத்திரிகைச் சந்திப்பு, டிவி நிகழ்ச்சி, இப்போது ஆட்டக்காரர்களின் பணப் பேச்சு வேறு. விளையாட்டின் உள்ளே முழு நாளும் இருக்க முடிகிறவர் அசிஸ்டன்ட்தான். நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் தவில் வாசிக்கிறவரை ‘எப்போது நாதஸ்வரத்துக்கு மாறுவீர்கள்’ என்று நீங்கள் கேட்பீர்களா?

நான் சொன்ன டெக்ஸ் வின்டரையே பாருங்கள். கான்சஸ் ஸ்டேட்டில் ஹெட் கோச், அப்புறம் தொழில்முறை லீக்கான என்பிஏவில் ஹூஸ்டன் அணிக்கு ஹெட் கோச். எல்லாம் இருந்துவிட்டு, 60 வயது தாண்டிய பிறகு சிகாகோ புல்ஸில் அசிஸ்டன்ட். அவர் பல காலமாகச் சொல்லிக்கொடுத்துவந்த ‘டிரையாங்கிள்’ ஆட்டமுறையைத்தான் புல்ஸின் ஹெட் கோச் பில் ஜாக்சன் கையில் எடுத்தார். புல்ஸ் வென்ற 6 கோப்பையின்போதும் வின்டர் பெஞ்சில் இருந்தார். பெண்கள் ஆட்டத்தில் கிறிஸ் டெய்லி. 1985இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஹெட் கோச் ஜீனோ ஆரியெம்மாவோடு அசிஸ்டன்ட்டாகச் சேர்ந்தவர், நாற்பது வருடமாக அதே பெஞ்ச். அந்த அணி 12 தேசியப் பட்டம் வென்றிருக்கிறது. அந்த அம்மாவை யாரும் பாவம் என்று சொல்வதில்லை.

இதை எல்லாம் உருகி எழுதுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு அப்பா கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இருக்கின்றன, அவற்றை நீங்கள் கேட்கவே இல்லை. 1992இல் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. செலவைக் குறைக்க வேண்டுமாம். யார் வயிற்றில் கை வைத்தார்கள்? ஹெட் கோச் சம்பளத்தைத் தொடவில்லை. கடைநிலை அசிஸ்டன்ட் ஒருவருக்கு ஆண்டுக்கு 16,000 டாலருக்கு மேல் தரக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அந்த அசிஸ்டன்ட்டுகள் நீதிமன்றம் போனார்கள், விதி சட்டவிரோதம் என்று தீர்ப்பானது, 1999இல் 54.5 மில்லியன் டாலர் கொடுத்து என்சிஏஏ சமரசம் செய்துகொண்டது. அப்புறம் 2017 செப்டம்பர். ஆட்டக்காரர்களை வளைக்கப் பணம் கைமாறியதாக எஃப்பிஐ பத்துப் பேரைக் கைது செய்தது. அதில் நான்கு பேர் கல்லூரிப் பயிற்சியாளர்கள். நான்கு பேருமே அசிஸ்டன்ட்டுகள். பக்கத்து நாற்காலியில் இருந்த ஹெட் கோச் ஒருவர்கூட அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் மகனிடம் பதவி உயர்வைப் பற்றிக் கேட்காதீர்கள். உன் ஹெட் கோச் எப்படிப்பட்டவர், தப்பு நடந்தால் உன்னை முன்னால் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்வாரா என்று கேளுங்கள். இந்தத் தொழிலில் அதுதான் எல்லாம்.

கத்ரிட்ஜை விட்ட இடத்துக்கு வருகிறேன். 1997 அக்டோபரில், பயிற்சி தொடங்கும் நேரத்தில், 879 வெற்றியோடு டீன் ஸ்மித் ஓய்வு பெற்றார். கத்ரிட்ஜ் முதல் முறையாக ஹெட் கோச் ஆனார். முதல் பருவத்தில் 34 வெற்றி, 4 தோல்வி, தேசியப் போட்டியில் கடைசி நான்கு அணிகள் மோதும் ஃபைனல் ஃபோர். மூன்றாம் பருவத்தில் தோல்விகள் சேர்ந்தன. உங்களைப் போன்ற ரசிகர்கள் இவருக்கு அசிஸ்டன்ட் வேலைதான் சரி என்று முணுமுணுத்தார்கள். அதே அணியை மறுபடி ஃபைனல் ஃபோருக்குக் கொண்டுபோனார். 2000ஆம் ஆண்டு கோடையில் போதும் என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று வருடம், 80 வெற்றி, 28 தோல்வி. 2015இல் டீன் ஸ்மித் பிப்ரவரியில் காலமானார், கத்ரிட்ஜ் மே மாதம். ஹெட் கோச்சாக இருந்த அந்த மூன்று வருடத்தை முன்னால் வைத்து, மற்ற முப்பதையும் அதற்கான காத்திருப்பு என்று எழுதுகிறவர்கள் உண்டு. பென் ஸ்டேட்டை வேண்டாம் என்றவர் எதற்குக் காத்திருந்தார்? எனக்கு இந்த எழுத்தைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது.

எத்தனை வருடம் என்று கேட்டீர்கள் அல்லவா. கல்லூரி ஆட்டத்தின் மேல்மட்டமான ‘டிவிஷன் 1’இல் 350க்கும் மேல் அணிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பெஞ்சிலும் ஹெட் கோச் ஒருவர்தான். 2023இல் கூடுதலாக இரண்டு உதவியாளர்களை அனுமதித்தார்கள், ஆக ஐந்து பேர் வரை. மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கிராஜுவேட் அசிஸ்டன்ட் இரண்டு வருடம், அப்புறம் வீடியோ கோஆர்டினேட்டர், எங்காவது ஒரு சின்னக் கல்லூரியில் அசிஸ்டன்ட், அதற்குள் முப்பது வயது நெருங்கிவிடும். புள்ளியியல் படித்தவன், அந்தப் பெஞ்சுக்கு இன்று அப்படிப்பட்டவன் தேவைதான்.

வீட்டில் அவன் அறையை மட்டும் உங்கள் ஆபீஸ் அறையாக மாற்றிவிடாதீர்கள். பருவம் முடியும் மார்ச்சில் ஹெட் கோச்சை வேலையை விட்டு அனுப்பினால் அவரோடு சேர்த்து மொத்தப் பெஞ்சையும் அனுப்பிவிடுவார்கள். ஏப்ரலில் இரண்டு பெட்டியோடு வந்து நிற்பான். அப்போது டேட்டா அனலிஸ்ட் வேலை பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. சோறு போடுங்கள். மே மாதத்துக்குள் இன்னொரு ஊரிலிருந்து போன் வந்துவிடும்.