பழைய டீச்சரிடம் சொல்லிவிட்டீர்களா?

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஒஹாயோவில் கொலம்பஸில் இருக்கிறோம். மகள் மூன்று வருடமாகப் பியானோ கற்கிறாள். வீடு மாறியதால் பக்கத்திலேயே வேறு ஆசிரியையைத் தேடிப் போனோம். அவர் முதலில் கேட்டது, "பழைய டீச்சரிடம் சொல்லிவிட்டீர்களா? சொல்லிவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்" என்றுதான். இசை ஆசிரியர் சங்கத்தில் அது பழைய வழக்கமாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிள்ளை யாரிடம் படிக்க வேண்டும் என்று ஒரு சங்கம் சொல்லலாமா? இந்தச் சங்கங்கள் எதற்காகத்தான் இருக்கின்றன?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் சங்கம் பிறந்த இடம் உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது என்பது தெரியுமா? கொலம்பஸுக்கு வடக்கே டெலவேர் என்ற ஊர். அங்குள்ள ஒஹாயோ வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்துக்கொண்டிருந்த தியோடர் பிரஸ்ஸர், 1876 டிசம்பரில் 62 சகாக்களுடன் சேர்ந்து மியூசிக் டீச்சர்ஸ் நேஷனல் அசோசியேஷனைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 28. பையனாக இருந்தபோது இரும்பு வார்ப்பாலையில் வேலை பார்த்தவர்; பியானோ கற்கத் தொடங்கியதே 19 வயதில்.

அன்றைய இசை ஆசிரியரின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஊருக்கு ஒருவர், இருவர். வீட்டு முன்னறையில் ஒரு பியானோ. மாணவர் வந்தால் வருமானம், வராவிட்டால் இல்லை. வக்கீலுக்கும் டாக்டருக்கும் உரிமம் உண்டு. வீட்டில் இசை சொல்லித்தருபவருக்கு இன்றும் அங்கே அரசு உரிமம் என்று ஒன்று கிடையாது. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். நன்றாகக் கற்பிப்பவரையும் அரைகுறையையும் பிரித்துக்காட்ட வழியில்லை. தாங்களே கூடி ஒரு தரத்தை வைத்துக்கொள்வதுதான் அவர்களுக்குத் தெரிந்த வழி.

1884இல் ஒஹாயோவின் கிளீவ்லாந்தில் இந்தச் சங்கம் கூடியபோது, அமெரிக்க இசையமைப்பாளர்களின் படைப்புகளை மட்டுமே கொண்ட பியானோக் கச்சேரி ஒன்று நடந்தது. ஐரோப்பிய இசைக்கு மட்டுமே மதிப்பிருந்த காலம் அது. வாசித்தவர் கலிக்ஸா லவாலே. கனடாவின் நாட்டுப்பண்ணான 'ஓ கனடா'வுக்கு மெட்டமைத்தவர். பின்னால் சங்கத்தின் தலைவராகவும் ஆனார்.

பிரஸ்ஸர் சங்கத்தோடு நிற்கவில்லை. 1883இல் வர்ஜீனியாவின் லின்ச்பர்கில், கையில் 250 டாலரோடு 'எட்யூட்' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். கற்பிக்கும் முறை பற்றிய கட்டுரைகளோடு வாசிப்பதற்கான இசைத்தாள்களும் அதிலேயே வரும். பக்கத்தில் ஆலோசனை கேட்க ஆள் இல்லாத சிற்றூர் ஆசிரியருக்கு அது எவ்வளவு பெரிய துணை! 1957 வரை வந்தது.

எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்தது வேறொன்றால். ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் விரலைப் பழக்கியவர், விரல் நடுங்கும் வயதில் எங்கே போவார்? ஓய்வூதியம் இல்லாத தொழில். பதிப்புத் தொழிலில் சம்பாதித்த பணத்தில், ஓய்வுபெற்ற இசை ஆசிரியர்களுக்காகவே பிலடெல்பியாவில் ஒரு இல்லம் நடத்தினார் பிரஸ்ஸர். இது சங்கத்தின் வேலை அல்ல, அவருடைய தனி முயற்சி. ஆனாலும் டெலவேரில் அந்த 62 பேரை அவர் ஏன் கூட்டினார் என்பது எனக்கு இதில்தான் புரிகிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இன்னொரு ஆசிரியரின் மாணவர்களை வலிந்து இழுக்கக் கூடாது என்று சங்கத்தின் நெறிமுறையில் ஒரு விதி இருந்தது. மாணவர் போனால் அந்த மாதச் சாப்பாடு போகும் என்ற பயத்தில் பிறந்த விதி என்றே நினைக்கிறேன். சில கிளைச் சங்கங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஊரின் சராசரியைவிடக் குறைவாகக் கட்டணம் வாங்காதே, இலவசமாகச் சொல்லித்தராதே என்றன. அது பெரிய தவறு. வசதியில்லாத பிள்ளைக்கு வாசலை அடைக்கிற விதியை என்னால் எந்தக் காரணம் சொல்லியும் ஏற்க முடியாது. 2013இல், வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் இதில் தலையிட்டது. அபராதம் இல்லை, ஆனால் போட்டியைத் தடுக்கும் இத்தகைய விதிகளைச் சங்கம் கைவிட வேண்டியதாயிற்று. நல்லதுதான் நடந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த விதி இருந்த காலத்திலும் அது கட்டுப்படுத்தியது ஆசிரியரைத்தான். தானாகத் தேடி வருகிற பெற்றோரை அல்ல. ஆகவே நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. புதிய ஆசிரியை அதை நிபந்தனையாக வைத்தால், அப்படி ஒரு விதி இப்போது இல்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனாலும் பழைய டீச்சருக்கு ஒரு போன் போடுங்கள். மூன்று வருடம் உங்கள் மகளின் கையைப் பார்த்தவர் அவர். எந்த விரல் இன்னும் பிடிவாதம் பிடிக்கிறது, எந்தப் பாடம் பாதியில் நிற்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போய்ப் புதியவரிடம் கொடுங்கள். மகளையும் பேசச் சொல்லுங்கள்.

அன்புடன்.