நெல் குவியலுக்கு இரவுக் காவல்: அரிவாளும் துப்பாக்கியும் எதுவரை?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டுப் பத்து நாளாக இரவுக் காவல் கிடக்கிறோம். நள்ளிரவுக்கு மேல் முன்பின் தெரியாத ஆட்கள் பைக்கில் வந்து நோட்டம் விடுகிறார்கள். எங்களிடம் கம்பு, அரிவாள் இருக்கிறது. மாமாவிடம் லைசென்ஸ் துப்பாக்கி உண்டு, அதையும் வாங்கி வைத்துக்கொள்ளலாமா? ஆட்களை நிறுத்தி விசாரித்தால் தப்பா?

பதில்: கேட்பது தப்பே இல்லை. டார்ச் அடித்து, "யாருப்பா, எந்த ஊரு, இந்நேரத்துல என்ன வேலை?" என்று தாராளமாகக் கேட்கலாம். அவர் பதில் சொல்லாமல் வண்டியைக் கிளப்பினால் வழிவிட வேண்டும். வெறும் சந்தேகத்தில் மறித்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு உங்கள் மேல் பாயும். பிடித்து அறையில் பூட்டினால் 127. அதற்கு ஓராண்டு வரை சிறை.

பொதுமக்களும் கைது செய்யலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி, ஜாமீனில் விட முடியாத, போலீஸ் வாரண்ட் இன்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் உங்கள் கண்ணெதிரே நடக்க வேண்டும். பிடித்தவரை 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்தாக வேண்டும். விடியட்டும், பஞ்சாயத்தில் வைத்துப் பார்ப்போம் என்பதெல்லாம் செல்லாது.

இதில் இன்னொரு சிக்கல். 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டில் முதல் முறை சிக்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. அந்த வகைத் திருட்டைச் சட்ட அட்டவணை ஜாமீன் உள்ள குற்றமாகவே வைத்திருக்கிறது. 40 கிலோ மூட்டை, குவிண்டால் 2,500 ரூபாய் என்று கணக்குப் போடுங்கள்: நான்கு மூட்டை 4,000 ரூபாய்தான். ஆளைப் பிடித்து வைக்கும் அதிகாரமே அங்கே கேள்விக்குறியாகிவிடும்.

அதற்காக நெல்லைப் பறிகொடுத்துவிட்டு நிற்கச் சொல்லவில்லை. மூட்டையைத் தூக்குகிறவரைத் தடுக்கவும் தள்ளவும் பொருளைப் பிடுங்கவும் தற்காப்பு உரிமை உண்டு, தேவையான அளவுக்கு மட்டும். மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினாரா? பொருள் கைக்கு வந்ததும் அந்த உரிமை முடிந்தது. துரத்திப் போய் முதுகில் அடித்தால் அது தனிக் குற்றம், அரிவாள் என்றால் நியாய சன்ஹிதாவின் 118ஆம் பிரிவு. வேளாண் கருவி என்பதால் அரிவாள் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டாம். ஓங்கிய பிறகு அந்தச் சமாதானம் எடுபடாது.

வீட்டுக்குள் ராத்திரி உடைத்து நுழைந்தவர் விஷயம் வேறு. நியாய சன்ஹிதாவின் 41ஆம் பிரிவு அங்கே உயிரைப் பறிக்கும் அளவுக்குக்கூட உரிமை தருகிறது. ஆனால் திறந்தவெளியில் தார்ப்பாய் போட்டு மூடிய நெல் குவியல் வீடு ஆகாது. வந்தவர் கத்தியைக் காட்டி, உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான பயம் வந்தால் மட்டும் கதை மாறும். அப்போதும் போலீஸுக்குச் சொல்ல அவகாசம் இருந்ததா என்று கோர்ட் கேட்கும்.

துப்பாக்கியை மறந்துவிடுங்கள். மாமாவின் லைசென்ஸ் மாமாவுக்கு மட்டும்தான். உங்கள் கையில் இருந்தால் ஆயுதச் சட்டப்படி குறைந்தது 2 ஆண்டு சிறை. மாமாவே வந்து, சும்மா மிரட்டத்தான் என்று மேலே சுட்டாலும், ஆளுக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாகச் சுட்டதாக 2 ஆண்டு வரை உள்ளே போகலாம்.

பிடித்தவரை மின்கம்பத்தில் கட்டி வைத்து வீடியோ எடுக்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. அந்த வீடியோதான் போலீஸுக்கு முதல் சாட்சி, உங்களுக்கு எதிராக. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியைக் கடத்தல்காரி என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். அந்தக் கூட்டமும் ஊரைக் காப்பதாகத்தான் நினைத்தது.

நாளைக்கே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள், இரவு ரோந்து கேளுங்கள். குவியலுக்கு மேலே ஒரு ஃபோகஸ் லைட் கட்டுங்கள். பைக் வந்தால் நம்பரைக் குறித்துக்கொண்டு 112க்கு அடியுங்கள். கைகலப்பு ஆகிவிட்டால், எதிர்த்தரப்பு முந்துவதற்குள் நீங்களே ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிடுங்கள்.