சக்கர நாற்காலிச் சரிவுப்பாதையில் பனி உருக்கும் வெப்ப அமைப்பு என்றால் என்ன? அது ஏன் தேவை?

பனி பொழியும் நாடுகளில், சரிவுப்பாதையின் கான்கிரீட்டுக்குள் சூடேறும் மின்கம்பிகளையோ, உறையாமல் காக்கும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீர் ஓடும் குழாய்களையோ பதித்து, விழும் பனி தங்காமல் உருகச் செய்யும் ஏற்பாடு இது. காரின் பின்கண்ணாடியில் பதிந்துள்ள மெல்லிய கம்பிகள் படிந்த ஈரத்தை நீக்குவதும் இதே முறையில்தான்.

அமெரிக்க விதிகளின்படி, இத்தகைய பாதை 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் உயரக்கூடாது. அவ்வளவு மென்மையான சரிவிலும், மெல்லிய பனிக்கட்டிப் படலம் ஒன்று இருந்தாலே சக்கரம் பிடிமானத்தை இழந்துவிடும் என்பதால், தம் கைகளால் சக்கரத்தைத் தள்ளி வருபவர் பாதி வழியில் பின்னோக்கிச் சறுக்க நேரிடும். உப்பு தூவலாம், ஆனால் கடுங்குளிரில் அது பயனளிப்பதில்லை, கான்கிரீட்டையும் அரிக்கிறது.

ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில், வீடுகளைச் சூடாக்கி வெளியேறும், இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும் புவிவெப்ப நீரையே நடைபாதைகளுக்கு அடியில் ஓடவிடுகிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஹாலந்து நகரம் 1988 முதல் மின் நிலையத்தின் கழிவு வெப்பத்தை இதற்குப் பயன்படுத்தி வருகிறது. வீணாகும் வெப்பம் அருகில் கிடைக்குமானால், இதைவிடச் சிறந்த வழி இல்லை என்பேன்.

வடிகாலை மட்டும் ஒருபோதும் மறக்கக் கூடாது. உருகிய நீர் சரிவின் அடியில் தேங்கினால், அங்கேயே மீண்டும் உறைந்து முன்பைவிட ஆபத்தாகிவிடும்.

தரை கால் பொறுக்காத அளவுக்குச் சுடும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், மேற்பரப்பு உறைநிலைக்குச் சில டிகிரி மேலே இருந்தாலே போதும்.