அப்பா ஏன் இரண்டு மணிக்கே விழித்துக்கொள்கிறார்?

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது. தஞ்சாவூர் பக்கம் விவசாயம் பார்த்தவர். அம்மா போன பிறகு எங்களோடு சென்னை ஃப்ளாட்டில் இருக்கிறார். மாலை ஏழு மணிக்கே தூங்கிவிடுகிறார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து ஹாலில் டியூப் லைட்டைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். முகத்தில் சிரிப்பே இல்லை. காலை வெளிச்சம் நல்லது என்றார்களே என்று ஐந்தரைக்கே மொட்டை மாடிக்கு அனுப்பினேன். பலன் இல்லை.
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் மாமியார்தான் கண்முன் வந்தார். "விளக்கு வைக்கும் நேரத்தில் படுத்தால் ராத்திரி எப்படித் தூக்கம் வரும்?" என்று, மருத்துவம் படித்த நானே அவரைக் கடிந்திருக்கிறேன். இன்றும் அது வருத்தம்தான். அது பிடிவாதம் இல்லை அம்மா.

மூளையில், இரண்டு கண் நரம்புகளும் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்புச் செல்கள் சேர்ந்து உடலின் கடிகாரமாக வேலை செய்கின்றன. கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்தே அது தினமும் நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. இதற்கென்றே விழித்திரையில் தனிச் செல்கள் இருப்பது 2002-ல் தெரியவந்தது. அவற்றை அதிகம் தூண்டுவது நீல ஒளி. வயதாக ஆக கண்ணின் லென்ஸ் மஞ்சளித்து அந்த நீலத்தைத் தடுக்கிறது. புரை விழுந்திருந்தால் இன்னும் மோசம். போதாததற்கு, நண்பகலில் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை வெளிச்சம் இருக்கும் வயலில் நின்றவர், இப்போது சில நூறு லக்ஸைத் தாண்டாத ஹாலில் பகலைக் கழிக்கிறார்.

சரி, காலை வெளிச்சம் ஏன் உதவவில்லை? வெளிச்சம் எந்த நேரத்தில் படுகிறது என்பதுதான் முக்கியம். மாலை வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும்; தூக்கமும் விழிப்பும் தாமதமாகும். பின்னிரவிலும் விடியலிலும் படுவது முன்னுக்கு இழுக்கும்; இரண்டும் சீக்கிரமாகும். நடுராத்திரி வரை விழித்திருக்கும் பேரனுக்கு விடியல் வெளிச்சம் மருந்து. உங்கள் அப்பாவின் கடிகாரமோ ஏற்கெனவே முந்தி ஓடுகிறது. இரண்டு மணி டியூப் லைட்டும் ஐந்தரை மணி மாடியும் சேர்ந்து அதை இன்னும் முன்னால் இழுக்கின்றன.

அதனால் மாடி நேரத்தை மாற்றுங்கள். மாலை நாலரையிலிருந்து இருட்டும்வரை வெளியில் இருக்கட்டும். அப்புறம் ஒன்பது மணிவரை வீட்டில் நல்ல வெளிச்சம் வேண்டும். இரவில் பாத்ரூம் போகும் வழியில் தடுக்கி விழாத அளவுக்கு ஒரு ஜீரோ வாட் பல்பு போதும். சில வாரங்கள் பொறுத்துப் பாருங்கள்.

கண் மருத்துவரிடம் புரை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சர்க்கரையோ புராஸ்டேட்டோ எழுப்புகிறதா என்றும் பார்க்க வேண்டும். மனைவியை இழந்தவர், அந்தச் சோகத்துக்கு வெளிச்சம் மட்டும் போதாது. இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மனநல மருத்துவரிடம் தயங்காமல் அழைத்துப்போங்கள்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரன் குழுவினர் வௌவால்களை ஆராய்ந்தார்கள். இருண்ட குகைக்குள் கூண்டில் அடைத்த வௌவால், சுற்றிலும் தன் கூட்டம் இருந்தவரை, அவை இரைதேடக் கிளம்பும் நேரத்தையொட்டியே விழித்தது. தனியே விட்டதும் அதன் நேரம் நாளுக்கு நாள் நழுவியது. மனிதருக்கு வெளிச்சமே பெரிய சாவி என்றாலும், மாலையில் அப்பாவைத் தனியாக மாடிக்கு அனுப்பாதீர்கள். நாலு தொட்டியில் கத்தரி நாற்று வைத்துக் கொடுத்து, பேரனையும் தண்ணீர் ஊற்ற அனுப்புங்கள்.