கட்டடத்தின் குறைக்குக் காப்பீடு உண்டா?

வீடும் சட்டமும்: வாசகர் கேள்வி – பதில்

உயர்மாடிக் குடியிருப்புகளில் தோன்றும் விரிசல், கம்பித் துரு, நீர்க்கசிவு ஆகியவற்றுக்குக் காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு பெற முடியுமா என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. கேட்டவர்களின் பெயர்களும், அவர்கள் குறிப்பிட்டிருந்த பில்டர்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: எங்கள் குடியிருப்பு பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய 14 மாடிக் கட்டடம். குடியேறி மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. கார் நிறுத்தும் அடித்தளத்தில் சில தூண்களில் விரிசல் ஓடுகிறது. இரண்டு தளங்களில் பால்கனியின் அடிப்பூச்சு உதிர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. சங்கத்தின் சார்பில் ஆண்டுதோறும் கட்டடத்துக்குப் பாலிசி எடுத்து வருகிறோம். காப்பீட்டு நிறுவனம் சேதத்தை மதிப்பிட அனுப்பிய சர்வேயர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, இது பாலிசியில் அடங்காது என்று நிறுவனத்தார் எழுதிவிட்டார்கள். இது சரிதானா?
– சங்கச் செயலாளர், சென்னை

பதில்: பாலிசியின் வாசகப்படி பார்த்தால் அவர்கள் மறுத்தது சரியே. நீங்கள் எடுத்திருப்பது 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருஹ ரக்ஷாவாக இருந்தாலும், நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும் வேறு தீ விபத்துப் பாலிசியாக இருந்தாலும், பட்டியலிட்டுச் சொன்ன ஆபத்துகளுக்கு மட்டுமே அது பொறுப்பேற்கும். தீ, இடி, வெடிப்பு, புயல், வெள்ளம், கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைதல், நிலம் அமிழ்தல் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளவை. நிலநடுக்கம் பாரத் கிருஹ ரக்ஷாவிலேயே அடங்கியிருக்கிறது; பழைய பாலிசிகளில் அதைத் தனியாகக் கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நிலம் அமிழ்தல் என்ற சொல்லைக் கண்டு பல சங்கங்கள் ஆறுதல் அடைந்துவிடுகின்றன. அதே பிரிவில் சற்றுக் கீழே உள்ள விலக்குகளையும் படிக்க வேண்டும். புதிய கட்டடம் இயல்பாக இறங்கி அமர்வதால் வரும் விரிசல், கொட்டி நிரப்பிய மண் இறங்குவதால் வரும் சேதம், கடலோ ஆறோ அரிப்பதால் வரும் சேதம், பிழையான வடிவமைப்பு, மோசமான வேலைப்பாடு, தரமற்ற கட்டுமானப் பொருள், கட்டட மாற்றம் அல்லது பள்ளம் தோண்டுதலால் வரும் சேதம் ஆகிய எதற்கும் பணம் கிடையாது என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது. ஏரிக்கரையையும் சதுப்பு நிலத்தையும் ஒட்டி, மண் கொட்டி உயர்த்திய மனைகள் நிறைந்த உங்கள் பகுதியில், நிரப்பிய மண் பற்றிய அந்த ஒரு வரியே பெரும்பாலான கோரிக்கைகளைத் தள்ளுபடி செய்யப் போதுமானது.

இதைக் காப்பீட்டு நிறுவனத்தின் தந்திரம் என்று நான் சொல்ல மாட்டேன். நடக்குமோ நடக்காதோ என்ற நிலையில் உள்ள, திடீரென நேரும் சேதத்துக்கே அந்தப் பிரீமியம் கணக்கிடப்பட்டிருக்கிறது. கான்கிரீட் வார்த்த நாளிலேயே உள்ளே புகுந்துவிட்ட குறை அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. குருகிராமின் 109ஆவது செக்டாரில் உள்ள சின்டெல்ஸ் பாரடைசோ குடியிருப்பில் 2022 பிப்ரவரி 10 அன்று ஒரு கோபுரத்தின் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து இருவர் இறந்தனர். டெல்லி ஐ.ஐ.டி. ஆய்வு செய்தபோது கான்கிரீட்டில் குளோரைடு மிகுந்திருந்ததும், அதனால் கம்பிகள் வேகமாகத் துருப்பிடித்து வந்ததும் தெரியவந்தது. கம்பி வைத்த கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது என்பது நம் நாட்டின் ஐ.எஸ். 456 தரவிதி. உப்பு நீரோ உப்பு மணலோ கலந்த கலவை இந்த வரம்பைத் தாண்டிவிட்டால், வெளிப்பூச்சு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கம்பி உள்ளுக்குள் ஊதி கான்கிரீட்டைப் பிளக்கும். உங்கள் பால்கனியில் நடப்பதும் அதுவாக இருக்கலாம். வெறும் பூச்சுக் கோளாறாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்து எவரும் இதைத் தீர்மானிக்க முடியாது.

ஆகவே சங்கம் பணம் செலவிட வேண்டிய முதல் இனம், பில்டரோடு தொடர்பில்லாத ஒரு கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கைதான். மீயொலி (அல்ட்ராசோனிக்) சோதனை, துளையிட்டு எடுத்த கான்கிரீட் மாதிரியின் வலிமைச் சோதனை, குளோரைடு அளவு, கம்பியின் துருநிலை ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். பூச்சைப் பூசி மறைக்கும் வேலையை அதுவரை அனுமதிக்காதீர்கள். பின்னாளில் புயலிலோ நிலநடுக்கத்திலோ சேதம் நேர்ந்து நீங்கள் பாலிசியில் உரிமை கோரும்போதும், எது பழைய குறை, எது புதிய சேதம் என்று பிரித்துக்காட்ட இந்த அறிக்கை உதவும்.

கேள்வி: எங்கள் விற்பனை ஒப்பந்தத்தில் ஓராண்டுக்கு மட்டுமே உத்தரவாதம் என்று இருக்கிறது. அதைக் காட்டி பில்டர் எங்களைத் திருப்பி அனுப்புகிறார். ரெரா சட்டத்தில் ஐந்து ஆண்டுகள் என்கிறார்களே, எது செல்லும்?
– வாசகி, போரூர்

பதில்: சட்டமே செல்லும். ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவின்படி, வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைப்பாட்டிலோ தரத்திலோ வசதிகளிலோ உள்ள குறையை வீட்டுக்காரர் சுட்டிக்காட்டினால், பில்டர் அதை 30 நாள்களுக்குள் தம் செலவிலேயே சரிசெய்து தர வேண்டும். செய்யத் தவறினால் இழப்பீடு கோரலாம். ஒப்பந்தத்தில் ஓராண்டு என்று எழுதிக்கொள்வதால் இந்த உரிமை குறைந்துவிடாது.

இந்தப் பிரிவில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்றுண்டு. ஐந்தாண்டுக்குள் குறை தோன்றினால் மட்டும் போதாது; அது பில்டரின் கவனத்துக்கு வந்திருக்கவும் வேண்டும். தள மேலாளரிடம் வாய்மொழியாகச் சொன்னதும், வாட்ஸ்அப் குழுவில் புலம்பியதும் பின்னர் மெய்ப்பிக்கக் கடினமானவை. ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலிலும் (ஸ்பீட் போஸ்ட்) மின்னஞ்சலிலும், படங்களையும் பொறியாளர் அறிக்கையையும் இணைத்து, எந்தத் தளத்தில் எந்தத் தூண் என்று இடம் குறிப்பிட்டு அனுப்புங்கள். ஒவ்வொரு வீடும் வெவ்வேறு நாளில் ஒப்படைக்கப்பட்டிருக்கும் என்பதால், முதலில் சாவி வாங்கியவரின் தேதியையே சங்கம் தன் கணக்காக வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

அதன் பிறகும் பில்டர் அசையவில்லையென்றால், குறையைச் சரிசெய்ய உத்தரவிடக் கோரி 31ஆம் பிரிவின் கீழ் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திலும், இழப்பீடு கோரி 71ஆம் பிரிவின் கீழ் தீர்வு அலுவலரிடமும் மனுச் செய்யலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழியும் அடைபடவில்லை என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனால் அங்கே இரண்டு ஆண்டுக் காலவரம்பு உண்டு. இழப்பீட்டுத் தொகையை நிலவரி பாக்கிபோல வசூலிக்கவும் ரெரா சட்டம் இடம் தருகிறது. அந்தத் திட்டத்துக்காகவே தொடங்கப்பட்ட நிறுவனம், எல்லா வீடுகளும் விற்றபின் வெறும் பெயர்ப்பலகையாக மிஞ்சியிருந்தால் யாரிடமிருந்து வசூலிப்பது என்ற கேள்விக்குத்தான் இந்தச் சட்டத்தில் பதில் பலவீனமாக இருக்கிறது.

கேள்வி: ரெரா சட்டம் பில்டரையே காப்பீடு எடுக்கச் சொல்கிறது என்று படித்தேன். எங்கள் பில்டரும் ஒரு பாலிசி நகலைக் காட்டினார். அது போதுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் படித்தது 16ஆம் பிரிவு. நிலம் மற்றும் கட்டடத்தின் உரிமைமூலத்துக்கும் (சட்டப்படி யாருக்குச் சொந்தம் என்பதற்கும்), கட்டுமானத்துக்கும் பில்டர் தம் செலவில் காப்பீடு எடுத்து, அதன் பயனை வாங்குபவருக்கோ சங்கத்துக்கோ மாற்றித் தர வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் எந்தக் காப்பீடு, எப்படி என்பதை உரிய அரசு அறிவிக்கை செய்ய வேண்டும் என்ற சொற்களும் அதே பிரிவில் இருக்கின்றன. அறிவிக்கை இல்லாத இடத்தில் அந்தப் பிரிவு ஏட்டுச் சுரைக்காய்தான்.

உங்களிடம் காட்டப்பட்டது பெரும்பாலும் ஒப்பந்ததாரரின் அனைத்து இடர்ப் பாலிசியாக இருக்கும். அது கட்டுமானம் நடக்கும் காலத்துக்கானது. கூடுதல் பிரீமியம் கட்டினால் பராமரிப்புக் காலம் என்ற பெயரில் ஓராண்டு, ஈராண்டு நீளும். மோசமான வேலைப்பாட்டால் ஒரு தளம் இடிந்து பக்கத்துச் சுவரும் விழுந்தால், சுவருக்குப் பணம் கிடைக்கலாம். பழுதாகக் கட்டிய அந்தத் தளத்தைத் திரும்பக் கட்டும் செலவு கிடைக்காது. சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டி முடிக்கும் நிலையிலிருந்த 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தார்கள். அதன் இரட்டைக் கட்டடம் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அப்படி நின்றுகொண்டே பயனற்றுப்போன கட்டடத்தில் வீடு வாங்கியவருக்குப் பில்டரின் கட்டுமானகாலப் பாலிசி கைகொடுக்காது.

கேள்வி: என் மகன் சிட்னியில் அடுக்குமாடியில் வீடு பார்க்கிறான். வெளிநாடுகளில் இதற்கெல்லாம் காப்பீடு கட்டாயம் என்கிறார்களே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: பிரான்சில் கட்டாயம். 1978 ஜனவரியில் வந்த சட்டத்தின்படி, கட்டடத்தின் உறுதியைக் குலைக்கும் குறைகளுக்குக் கட்டியவர்கள் பத்து ஆண்டுகள் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அவர்கள் காப்பீடு செய்தே ஆக வேண்டும். கட்டுவிப்பவர் வேலை தொடங்கும் முன்பே இன்னொரு பாலிசியும் எடுக்க வேண்டும். குறை தோன்றியதும் யார் தவறு என்ற வழக்கு முடியும்வரை காத்திராமல் அந்தப் பாலிசி முதலில் செலவைத் தந்துவிடும். பிறகு காப்பீட்டு நிறுவனமே தவறு செய்தவரிடம் வசூலித்துக்கொள்ளும். கோரிக்கை வந்த 60 நாள்களுக்குள் அது தன் நிலைப்பாட்டைச் சொல்லியாக வேண்டும். 28 மீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டடங்களுக்குச் சுயேச்சையான தொழில்நுட்பக் கண்காணிப்பும் சட்டப்படி தேவை. பணத்தைவிட இந்தக் கண்காணிப்பையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் கதை வேறு. அங்கே தனி வீடுகளுக்கும் தாழ்ந்த கட்டடங்களுக்கும் கட்டாயக் காப்பீடு இருக்கிறது. மூன்று மாடிக்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு அது 2003 இறுதியில் விலக்கப்பட்டது. 2001இல் ஹெச்.ஐ.ஹெச். காப்பீட்டு நிறுவனம் நொடித்த பிறகு, உயர்மாடிகளின் சுமையை ஏற்கத் தனியார் எவரும் முன்வரவில்லை. விளைவு 2018 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் தெரிந்தது: 36 மாடி ஓபல் டவரில் வெடிப்புச் சத்தம் கேட்டு மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2019 ஜூனில் மஸ்காட் டவர்ஸ் குடியிருப்பும் காலிசெய்யப்பட்டது; அது கட்டிப் பத்தாண்டுக்கு மேலாகியிருந்ததால் சட்டபூர்வ உத்தரவாதக் காலமும் முடிந்திருந்தது. பெருங்குறைகளுக்கு ஆறு ஆண்டு, மற்றவற்றுக்கு இரண்டு ஆண்டு என்பதே அங்குள்ள உத்தரவாதம். 2018 முதல், கட்டுமான ஒப்பந்த மதிப்பில் 2 சதவீதத்தைப் பில்டர் வைப்பாகக் கட்டும் திட்டம் வந்தது. பெருங்குறை வந்த கட்டடத்துக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. கட்டாயமில்லாவிட்டாலும், கட்டும்போதே புகுந்துவிட்ட உள்ளார்ந்த குறைகளுக்கான பத்தாண்டுக் காப்பீடு எடுத்த கட்டடமா என்று உங்கள் மகன் விற்பவரிடம் எழுத்தில் கேட்கட்டும். பழைய குடியிருப்பாக இருந்தால், உரிமையாளர் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளைப் பணம் கட்டி வாங்கிப் படிப்பது அவசியம்.

கேள்வி: எங்கள் கட்டடத்துக்கு 12 வயது. உள்ளார்ந்த குறைகளுக்கான பத்தாண்டுப் பாலிசியை இப்போது எடுக்க முடியுமா?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: முடியாது. அடித்தளம் தோண்டும் முன்பே தொடங்கி, ஒவ்வொரு கட்டத்தையும் நிறுவனத்தின் பொறியாளர் பார்த்த பிறகே அது வழங்கப்படும். நீங்கள் பராமரிப்பு நிதியைப் பெருக்கப் பாருங்கள். கட்டடம் பழுதுபார்க்க இயலாத நிலைக்கு வந்தால், 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதத்தோடு மறுகட்டுமானம் செய்ய வழியிருக்கிறது.

கேள்வி: வீட்டுக் கடன் கொடுத்தபோது வங்கி ஒரு காப்பீடும் எடுக்க வைத்தது. கட்டடம் பாதுகாப்பற்றது என்று அறிவிக்கப்பட்டால் அந்தக் காப்பீடு கடனைத் தீர்க்குமா? தவணையை நிறுத்தலாமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: வங்கி எடுக்க வைத்தது கடன் வாங்கியவரின் உயிருக்கான காப்பீடா, கட்டடத்துக்கான தீ விபத்துக் காப்பீடா என்று முதலில் பாருங்கள். முன்னது கடனாளி இறந்தால் மட்டும் கடனை அடைக்கும். பின்னதற்கு மேலே முதல் பதிலில் சொன்ன விலக்குகள் அனைத்தும் பொருந்தும். தவணையை நீங்களாக நிறுத்தினால் கடன் வாராக்கடனாகும், உங்கள் கடன் மதிப்பெண்ணும் விழும். பொறியாளர் அறிக்கையின் நகலுடன் வங்கிக்கு எழுதித் தவணையை மாற்றியமைக்கக் கேளுங்கள். செலுத்திய வட்டியையும் வெளியே குடியிருக்கத் தந்த வாடகையையும் ரசீதுகளோடு சேர்த்துவைத்து, பில்டருக்கு எதிரான இழப்பீட்டு மனுவில் தனித்தனி இனங்களாகக் காட்டுங்கள்.